வாகையின் வளையம்

காளவாசல் சாலையோர மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றும் சுருளி, வாகை மரத்தடியில் மண்டியிட்டு அரத்தால் ராவிக்கொண்டிருக்கிறான். கன்றை ஆடு கடிக்காமலிருக்கப் பதினாறு வருஷத்துக்கு முன் அவனே கட்டிய கூண்டின் இரும்பு வளையம், இப்போது பட்டைக்குள் புதைந்து கிடக்கிறது; அதைத்தான் அறுக்கிறான். இரும்புத்தூள் வெயிலில் மினுங்கி அவன் புறங்கையில் உதிர்கிறது. காய்கறிக் கூடையை நிழலில் இறக்கிய ஜெயக்கொடி, "மரந்தான் வளந்து நிக்குதே அண்ணே, இன்னும் எதுக்கு இம்புட்டுப் பாடு?" என்கிறாள். "வளந்ததுனாலதான் இறுக்குது தாயி. இப்படியே விட்டா பட்டுப்போகும்." வளையம் டக்கென்று தெறிக்கிறது. அடிமரத்தைச் சுற்றி ஈரமாய் ஒரு பள்ளம். அதைத் தொடக் கூசி நிற்கிறான் சுருளி. ஜெயக்கொடி, வண்டிமாடு போட்டுப்போன சாணியைச் செம்மண்ணோடு குழைத்து, மெதுவாகப் பூசத் தொடங்குகிறாள். அவன் நகர்ந்து இடம் கொடுக்கிறான்.