ஐவருக்கு ஒரு மைக்

டெல்மாவின் புளூகிராஸ் நாட்டுப்புற இசைக்குழுவில் ஐவருக்கும் ஒரே மைக். முன்னால் நிற்பவர் விலகிய பிறகுதான் அடுத்தவர் நெருங்கலாம். நாற்பது வருடங்களுக்கு முன் குழுவைத் தொடங்கியபோது அவள் போட்ட விதி. மீறிய இருவரை நடுப்பாட்டிலேயே மேடையிலிருந்து இறக்கியிருக்கிறாள். இன்று, தன் பகுதியைப் பாடி முடித்ததும், பாஞ்சோ வாசிக்கும் ஓரினுக்கு வழிவிட்டுப் பின்னால் வந்தாள். அவள் குரல் மட்டும் மைக்கின் முன்னாலேயே நின்று பாடிக்கொண்டிருந்தது.

“என் முறையிலயும் நீங்களே பாடிடுவீங்களா?” என்று ஓரின் முணுமுணுத்தான்.

“நான் எப்பவோ நிறுத்திட்டேன்.”

அவள் உதடுகளை இறுக மூடிக் காட்டினாள். பாட்டு நிற்கவில்லை. ஓரினின் விரல்கள் தந்தியிலேயே உறைந்தன. கூட்டம் கைதட்டியது, குரல் அடுத்த பாட்டைத் தொடங்கியது. டெல்மா ஓரடி முன்னே வைத்தாள். மைக்கின் முன்னால் யாரும் இல்லை. ஆனால் யாரும் விலகவும் இல்லை. அவள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.