துருத்தியின் காற்று

மாலை நான்கு மணிக்கே தேவாலயத்துக் கண்ணாடிகளில் வெளிச்சம் வற்றுகிறது. துருத்திக் காற்றால் குழல்கள் ஒலிக்கும் முந்நூறு வயதான ஓர்கன் முன்னால் பிரியந்தி உட்கார்ந்திருக்கிறாள். லண்டனின் இல்ஃபோர்டில் ஷிப்ட் முடிந்த கையோடு வந்த அவளுடைய அண்ணன் றமணன், பின்னால் நின்று கைப்பிடியை அழுத்தி அழுத்தித் துருத்திக்குக் காற்று ஏற்றுகிறான். தாளில் இடக்கைக்கு மட்டும்தான் ஸ்வரங்கள். அவற்றின் மேல், எந்த ஸ்வரங்களைச் சேர்க்கலாம் என்று காட்டும் சில எண்கள். அந்த எண்களைப் பார்த்த கணத்திலேயே வலக்கை தானாக பாட்டுக்குத் துணையான இசையை அமைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியின் பாடகி கோதை, பக்கத்தில் நின்று பாடத் தொடங்குகிறாள். பிரியந்திக்கு இசையில் வெற்றிடத்தைக் கண்டால் பயம். பியானோவில் பழகிய கை நான்கு விரல், ஐந்து விரல் என்று அள்ளி வைக்கிறது. அத்தனை குழல்களுக்கும் வேண்டிய காற்றுக்குப் பழைய துருத்தி எங்கே போகும்? சுருதி தொய்கிறது. கோதையின் குரல் அதோடு சேர்ந்து வழுக்கி, நின்றுவிடுகிறது.

“இவ்வளவு காத்துக்கு என்னால ஏலாது, தங்கச்சி,” என்று றமணன் மூச்சு வாங்குகிறான். கோதை கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போடுகிறாள். “மூணு மாசமா, கம்மியா வாசிங்க, குரலுக்கு இடம் விடுங்கன்னுதான் சொல்றேன், பிரியந்தி. ஞாயித்துக்கிழமை கச்சேரிக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க.” பிரியந்தி தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஓம், விளங்குது,” என்கிறாள். கதவு சாத்தும் சத்தம் தூண்களுக்கிடையே ஓடி அடங்குகிறது. றமணன் இன்னும் கைப்பிடியை விடவில்லை. அவள் இடக்கையால் ஒரு ஸ்வரத்தையும் வலக்கையால் இரண்டே இரண்டையும் அழுத்துகிறாள். காற்று குறையவில்லை. சுருதி அசையாமல், ஒரு குரலுக்கு இடம் விட்டு நிற்கிறது.