பாகற்கொடியின் சுருள்

நகைப் பட்டறை ஜன்னலில் படர்ந்த பாகற்கொடிக்கு நாலு நாளாக நிம்மதி இல்லை. ஏகாம்பரம் பத்தர் அடிக்கடி வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அதன் சுருளையே உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்.

“என்னை வெட்டப்போகிறாரா?” என்று ஜன்னலோரம் கிடந்த குறட்டிடம் கொடி கேட்டது. “வலப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்துப் பாதியில் இடப்பக்கம் திரும்பிவிட்டேன். என் தப்புதான்.”

“தப்பா? கம்மலிலிருந்து கூந்தலுக்குப் போகும் மாட்டலை அவர் சுருள் சுருளாகச் செய்து பார்க்கிறார். ஒரே பக்கமாகச் சுற்றிய மூன்றும் இழுத்ததும் முறுக்கிக்கொண்டன. நேற்றைய காற்றில் நீ அந்த ஆட்டம் ஆடியும் முறுக்கிக்கொள்ளவில்லை, அறுந்துபோகவும் இல்லை.”

அன்று மாலை பத்தர் பொன்கம்பியைப் பாதிவரை வலமாகச் சுற்றி, அங்கிருந்து இடமாகத் திருப்பினார். இழுத்துப் பார்த்துக் கையை விட்டார். மாட்டல் முறுக்கிக்கொள்ளாமல் தன் இடத்துக்குத் திரும்பியது.

முடித்த நகையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது அவர் வழக்கம். இன்று அதை மணையிலேயே வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தார். சுருளைப் பறிக்காமல், குனிந்து அதில் கண்ணை ஒற்றினார்.

“கொஞ்சம் அசையாமல் இரு,” என்றது இருபது வருஷமாகக் கம்பி வளைத்த குறடு. “நானும் ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.”