எண் வாசிக்கும் குரல்

எண் சொல்லச் சொல்லச் சீட்டில் தேடி அடிக்கும் ஆட்டமான செல்போன் தம்போலாவுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது செண்பகவல்லியின் வேலை. யார் எதற்காக வருகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் போதும், நழுவவிடாமல் வைத்துக்கொள்ளலாம். மூன்று நாளாகப் புதிய சோதனை: ஒவ்வொருவருக்கும் அவர் ஏங்கும் குரலிலேயே எண்களை வாசிக்கிறது கணினி. அவள் அதைக் கேட்டுப் பார்த்து ‘தொடரலாம்’ என்று அழுத்த வேண்டும். ஆடுபவர்களின் பெயர்கள் அவளுக்குத் தெரியாது.

ஒருவருக்கு இறந்துபோன கணவரின் குரல். இன்னொருவருக்குப் பள்ளிக்கூட வாத்தியார். மளமளவென்று அழுத்திக்கொண்டே போனாள்.

அடுத்தவர் கோவில்பட்டிப் பெண். வயது அறுபத்திரண்டு. தனியாக இருக்கிறார். பரிசில் ஆர்வமில்லை, இப்போதும் ஆடிக்கொண்டிருக்கிறார்.

“அம்மா, இருபத்தேழு. நிதானமா தேடு, நான் இருக்கேன்.”

செண்பகவல்லியின் கை அப்படியே நின்றது. அது அவளுடைய சொந்தக் குரல்.

கோவில்பட்டியில் இருக்கும் அம்மாவோடு பேசி ஒரு மாதமாகிறது. போன் போட்டாள். எடுக்கவில்லை. இரண்டாவது முறையும் எடுக்கவில்லை. மூன்றாவது முறைதான் எடுத்தாள்.

“எம்மா, அந்த ஆட்டத்த மொதல்ல நிறுத்து. அதுல பேசுறது நான் இல்ல!”

“தெரியும்ட்டி. நீ எப்ப எங்கிட்ட இவ்வளவு பொறுமையா பேசியிருக்க? போன வையி, அவ அடுத்த நம்பரு சொல்லப் போறா.”