ஊமை மெஷின்

"அந்த போனைக் கீழே வைடா. கண்ணு ரெண்டும் அதுக்குள்ள விழுந்துடப் போகுது," என்றாள் அக்கா.

அவன் வைக்கவில்லை. சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து, இரண்டு கட்டை விரல்களாலும் திரையைத் தட்டிக்கொண்டிருந்தான். குக்கர் கத்தியது. தண்ணீர் மோட்டார் ஓடியது. கீழ்வீட்டில் யாரோ சுவரில் ஆணி அடித்தார்கள். எதற்கும் அவன் நிமிரவில்லை.

கூடத்து மேசையில் மெஷின் சும்மா கிடந்தது. ஒரு கீபோர்டு, அதன் தலைமாட்டில் நான்கு வரி மட்டும் தெரிகிற சின்னத் திரை. அவ்வளவுதான். நெட் கிடையாது, அழைப்பு வராது, படம் ஓடாது. அணைத்துவிட்டு எப்போது திரும்பப் போட்டாலும், கடைசியாக அடித்த எழுத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கோடு வந்து துடிக்கும். விட்ட இடத்தைத் தேட வேண்டாம், அப்படியே தொடரலாம். முதல் நாவல் அதில்தான் ஒரே மழைக்காலத்தில் முடிந்தது. ஊமை மெஷின் என்று அக்கா அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

இரண்டாவது நாவல் கடைசி அத்தியாயத்தில் நின்றுவிட்டிருந்தது.

அவனுக்குச் சமைத்துப் போடத்தான் அக்கா தினமும் வந்தாள். வந்தவள் வீட்டைச் சத்தமில்லாமல் ஆக்கிவிடப் பார்த்தாள். அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கினாள். டிவியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனாள். ஒன்றும் பலிக்கவில்லை. காலையில் மேசை முன் உட்காருவான், மெஷினைப் போடுவான், அந்த நான்கு வரியைப் பார்ப்பான், அணைப்பான். பிறகு போனும் வாசற்படியும்தான்.

அன்று பதிப்பாளரே நேரில் வந்துவிட்டார். நனைந்த குடையைக் குளியலறையில் விரித்து வைத்துவிட்டு, பையிலிருந்து புத்தகத்தின் அட்டையை எடுத்து மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தார். அட்டை தயார், அச்சகம் தயார், கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி என்றார். இன்றைக்குள் வராவிட்டால் வேறு ஒருவரை வைத்து முடித்துவிடலாம் என்று ஆபீஸில் சொல்கிறார்களாம்.

"எனக்கு அதுல மனசில்லை, தம்பி. முடிவு என்னன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

"தெரியும் சார்."

"அப்புறம் என்ன? இந்த மாதிரி நேரத்துல கவனம் சிதறக் கூடாதுன்னுதானே நான் தேடிப் பிடிச்சு இந்த மெஷினை வாங்கித் தந்தேன்?"

"நல்லாக் கேளுங்க சார்," என்றாள் அக்கா. "கொலு பொம்மை மாதிரி தொடாம வெச்சிருக்கான். நேத்து தூசி துடைக்கப் போனேன், கையைப் பிடிச்சுட்டான்."

அவன் மறுபடியும் போனைத் தட்டத் தொடங்கினான். பதிப்பாளரின் முகம் சுருங்கியது. முடித்துத் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் இப்போதே ஆபீஸுக்குச் சொல்லிவிடுவதாகவும், இல்லையென்றால் தன் கையில் ஒன்றும் இல்லை என்றும் தரையைப் பார்த்துச் சொன்னார்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மேசைக்குப் போனாள், மெஷினைப் போட்டாள், நாற்காலியை இழுத்துத் திருப்பினாள்.

"வா. வந்து ஒரு வரி அடி. நான் பார்க்கணும். முடியலைன்னா வாயால சொல்லு, நானே அடிக்கிறேன்."

அவள் விரல் கீபோர்டுக்கு மேலே நின்றது.

"வேண்டாம்க்கா."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் அவள் விரல் அங்கேயே நின்றுவிட்டது. அவன் போனில் இன்னும் ஏதோ கொஞ்சம் தட்டினான். கடைசியாக ஒரு முறை அழுத்திவிட்டு அதைப் படியில் வைத்தான்.

பதிப்பாளரின் சட்டைப் பையில் மணி அடித்தது. போனை எடுத்துப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. கடைசி அத்தியாயம், முழுசாக.

"இவ்வளவையும் போன்லயா அடிச்சீங்க?"

"ஆமா சார்."

"இந்தக் குக்கர் சத்தத்துலயா?" என்றாள் அக்கா. அவள் குரல் இறங்கியிருந்தது.

பதிப்பாளர் மறுபடி மேலே போய் முதல் வரியைப் படித்தார். புருவத்தைச் சுருக்கினார். "ஆரம்பமே பாதி வாக்கியமா இருக்கே, தம்பி?"

"முன் பாதி மெஷின்ல இருக்கு சார்."

அக்கா குனிந்து சின்னத் திரையைப் பார்த்தாள். நான்காவது வரி பாதியில் நின்றிருந்தது. அதன் பக்கத்தில் கோடு துடித்துக்கொண்டிருந்தது.

"அதுல நான் ஒரு எழுத்து அடிச்சாலும், அடுத்த தடவை போடும்போது கோடு என் எழுத்துகிட்ட வந்து நின்னுடும்க்கா," என்றான்.

அக்கா விரலை மடக்கிக்கொண்டாள். பக்கத்தில் கிடந்த அட்டையில் இருந்தது, "அணைச்சு வைங்க, ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து முடிச்சுக்கறேன்" என்று பாதி வரியில் எழுந்து போய்த் திரும்பி வராத அவன் மனைவியின் பெயர்.