உலக்கைச் சத்தம்

நண்பகலானதும் ஊரின் மேல் அமைதி பனிபோல இறங்கும். பல நாட்டார் பல வருடம் கூடிப் பேசி, ஓயாத போருக்கு நடுவே தினமும் இரண்டு மணி நேரம் வாங்கித் தந்த அமைதி அது. நகுலாவின் கைக்குழந்தைக்குத்தான் அது ஒத்துக்கொள்ளவில்லை. வெடிச்சத்தத்தில் பிறந்த பிள்ளை, சத்தம் நின்றால் வீரிட்டு அழும். பாவம், அவள் என்ன செய்வாள்? வெறும் உரலை இடித்துத் தூங்க வைத்தாள். அமைதி நேரத்தில் வெடிச்சத்தம் கேட்கிறதா என்று கவனிக்க மரத்தில் கட்டியிருந்த காவற்பெட்டி அதைக் குண்டென்று எண்ணிவிட்டது.

அயல்நாட்டுக் கண்காணிப்பாளர் ஜவாஹிர் வந்து நின்றார். "மூணாவது தடவைம்மா. இதைப் பதிஞ்சா ஒப்பந்தமே முறிஞ்சிடும்."

"உலக்கையையும் குண்டையும் பிரிச்சறியாத பெட்டிக்கு நான் என்ன செய்ய, ஐயா? நீங்களே நித்திரையாக்குங்கோ பாப்பம்," என்று பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் தோளில் போட்டுத் தட்டினார், முற்றமெல்லாம் நடந்தார், தெரிந்த தாலாட்டெல்லாம் முனகினார். பிள்ளை அழுதுகொண்டேயிருந்தது.

இரண்டு மணிக்குத் தூரத்தில் முதல் குண்டு விழுந்தது. அழுகை நின்றது. பிஞ்சுக் கை தளர்ந்து, அவர் கழுத்தோரம் கண்ணயர்ந்தது பிள்ளை.

அசையாமல் நின்றவர், ஒரு கையால் அன்றைய அறிக்கைத் தாளை எடுத்தார். மீறல் என்றிருந்த இடத்தை அடித்துவிட்டு எழுதினார்: "இரண்டு மணி நேரம் போதாது. பிள்ளை இன்னும் அமைதிக்குப் பழகவில்லை."