சாய்ந்த துகள்கள்

கண்ணாடித் துண்டுக்குள் பொன் துகள்கள் உருண்டையாகத்தான் இருந்தன. அயனிக்கற்றை பாய்ந்ததும் அது வந்த திசையிலேயே நீண்டுவிட்டன. கண்ணாடியைத் தாங்கியில் கற்றைக்கு நேராகப் பொருத்தியிருந்தால் நிமிர்ந்து நின்றிருக்கும். நுண்ணோக்கித் திரையில் அத்தனையும் சாய்ந்து கிடந்தன.

"நேராத்தான் வச்சேன் சார்" என்றாள் என் மாணவி நிலோஃபர்.

"பொய் வேற சொல்றியா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அன்றோடு ஆய்வகத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

இன்று அந்தத் துகள்களின் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு பழைய பதிவேட்டைப் புரட்டினேன். அவள் பொருத்திவிட்டுப் போனபின் தாங்கியைச் சாய்த்துப் பார்த்ததாக ஒரு குறிப்பு, என் கையெழுத்தில். நிமிர்த்த மறந்திருக்கிறேன்.

ஆய்விலிருந்து விலகும் படிவத்தில் என் கையெழுத்து வாங்க அவள் வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள்.

"இன்னும் அப்படியேதான் இருக்கு, இல்ல சார்?"

பதிவேட்டை மூடினேன். சட்டைப்பையில் இருந்த பேனாவை மேசையெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன்.